அடித்து நிமிர்த்திய தகடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்தேன். தோலைக் கிண்ணத்திலும் பருப்பைக் குப்பைக் கூடையிலும் போட்டுக்கொண்டிருப்பதை என் மனைவி அம்சா பார்த்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு உங்களுக்கு? ரெண்டு நாளா பேயறைஞ்ச மாதிரி குந்திக்கினு கீறீங்க."

"திண்டிவனம் போய்ட்டு வர்றேன்."

"ஞாயித்துக்கெழமை கூடவா கம்பெனி?"

சட்டையை மாட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கூட்டம் சேராமல் பஸ் கிளம்பாது என்று கண்டக்டர் சொன்னபோது அவன் சட்டையைப் பிடித்துவிடலாமா என்று ஆத்திரம் வந்தது.

எங்கள் பட்டறை திண்டிவனத்தில். மெட்ராஸ் லாரி கம்பெனிக்குத் தகடு மடித்துக் கொடுக்கிறோம். எந்தத் தகட்டையும் சரியாக மூலைமட்டத்துக்கு மடித்து விட்டால், விட்ட கையோடு கொஞ்சம் விரிந்துகொள்ளும். எவ்வளவு விரியுமோ அவ்வளவு கூடுதலாக மடிக்கிறபடி, தகட்டை அழுத்துகிற இரும்பு அச்சான டையைத் தேய்த்து வைக்க வேண்டும். பதினேழு வருடமாக அது என் வேலை. அடித்துப் பார், தேய், மறுபடி அடித்துப் பார். நாலாவது, ஐந்தாவது தடவை மட்டம் வந்துவிடும். முதலாளி பாண்டுரங்கன் வருகிறவர்களிடமெல்லாம் "துரைக்கண்ணு கைதான் எனக்கு மீட்டரு" என்பார். எண்பத்தாறாம் வருஷத் தொடக்கத்தில் புதுத் தகடு வந்தது. மெல்லிசு, ஆனால் அத்தனை முரடு. எங்கள் பிரஸ்ஸில் பாதி மடிந்து அப்படியே நின்றுவிட்டது. டையை இங்கே தேய்த்து, மெட்ராஸ் கம்பெனியின் பெரிய பிரஸ்ஸில்தான் அடிக்க வேண்டும். ஒரே தடவை, அவர்கள் கண்ணெதிரில்.

அதற்காகத்தான் முதலாளி அருள்ராணியை வேலைக்கு வைத்தார். இன்ஜினியரிங் முடித்த பெண். தகட்டில் பட்டை வெட்டி, இழுக்க இழுக்க எப்படி இறுகுகிறது என்று அளந்து, மெட்ராஸ் காலேஜ் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் எத்தனை டிகிரி விரியும் என்று அதுவே சொல்லிவிடுமாம். அன்றிலிருந்து முதலாளி என்னைக் கூப்பிடுவது குறைந்துபோனது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

பட்டை வெட்டிக் கொடுத்தது நான்தான். வெளியே போகாத எதற்கும் எங்கள் பட்டறையில் புதுத் தகட்டைத் தொட மாட்டோம். வாஷர், சாம்பிள், எல்லாம் கழிவில்தான். பாதி மடிந்த அந்தத் தகட்டை மரச் சுத்தியால் அடித்து நிமிர்த்தி, மடிந்த இடத்திலேயே பட்டை வெட்டி, அரம் போட்டுப் பளபளவென்று கொடுத்தேன். "கடையில வாங்கின மாதிரி இருக்குதுண்ணா" என்று அவள் சிரித்தாள். கணக்கு வந்தது: ஒன்பது டிகிரி. ஞாயிற்றுக்கிழமை டையை அந்த அளவுக்குத் தேய்த்து மெட்ராஸ் அனுப்புவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளிக்கு விளக்குவதற்காக அருள்ராணி ஒரு கம்பியை வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்தாள். வளைந்த இடம் திரும்ப வளையவில்லை, பக்கத்தில்தான் வளைந்தது. "ஒரு தடவ மடிஞ்ச எடம் இறுகிப் போயிடும் சார்" என்றாள். மூலையில் கிடந்த மரச் சுத்தியைப் பார்த்தேன். நான் கொடுத்தது ஏற்கெனவே இறுகிப்போன பட்டை. இறுகினது கூடுதலாக விரியும். ஒன்பது தப்பு, புதுத் தகடு அவ்வளவு விரியாது. சொல்ல வாயெடுத்தேன். "இது பெசகுச்சுன்னா நீ வேற வேலை பாத்துக்கம்மா" என்று முதலாளி அவளிடம் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷம் கூட வந்தது. அந்தச் சந்தோஷம் ராத்திரிச் சோறு வரைக்கும் கூடத் தாங்கவில்லை.

விக்கிரவாண்டியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். "ஜல்தி வாங்க" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. திண்டிவனத்தில் இறங்கி ஓடினேன். சாணைக்கல் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது.

சாணைக்காரர் அமலதாஸ் டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோயில் பூசைக்குப் போன சேலையோடு அருள்ராணி பக்கத்தில் நின்றாள். முதலாளி நாற்காலியில். "நிறுத்துய்யா!" என்றேன். அமலதாஸ் சுவிட்சை அணைத்தார்.

"எவ்ளோ போச்சு?" என்று கேட்டேன்.

"மூணு டிகிரி. இன்னா இப்போ?"

சொன்னேன். எல்லாவற்றையும். முதலாளி எழுந்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினார். அருள்ராணி திட்டவில்லை.

"எப்போ தெரிஞ்சுதுண்ணா?"

"நீ கம்பிய வளைச்சப்போ."

"ரெண்டு நாளு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பதில் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

மறுபடி பட்டை இழுத்து, காலேஜில் முறை வாங்கிக் கணக்குப் போட இரண்டு வாரம் ஆகும். டையை ஏற்ற வேன் நாலு மணிக்கு. தேய்த்ததை ஒட்ட முடியாது. சரியான அளவு மூன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சரி, நீயே சொல்லு. எத்தினி?"

ஆறு மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன். புதுத் தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அது என் விரலைத் திருப்பித் தள்ளியது. இந்தத் தகடு முழுசாக மடிந்து நான் பார்த்ததில்லை. எந்தத் தகட்டிலும் முதல் தடவையே எனக்குச் சரியாக வந்ததில்லை. நாலாவது தடவை சரியாக வந்ததைத்தான் எல்லோரும் கை என்றார்கள், நானும் நம்பினேன்.

டையின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதியிருந்த ஒன்பதை அருள்ராணி உள்ளங்கையால் அழித்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாக்பீஸை என்னிடம் நீட்டினாள்.