எதிர் வரிசை

காலை எட்டு மணிக்கே சந்தின் இரு பக்கமும் முதலாளிகள் வரிசைகட்டி நின்றுவிட்டார்கள். ஒரு கையில் தைத்து முடித்த சாம்பிள், மறு கையில் உருப்படிக்கு எவ்வளவு என்று எழுதிய அட்டை. நடுவில் தையல்காரர்கள் சாவகாசமாக நடந்தார்கள். தென்சீனத்தின் குவாங்சோ நகரில், இந்தத் தையல் சந்துகளில் நிற்பது முதலாளிதான். வேலைக்கு வருபவர் சாம்பிளை வாங்கி, உள்பக்கம் திருப்பி, தையலை நகத்தால் கீறிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு நடப்பார்.

வரிசையில் நின்ற சூசென்னுக்கு மூன்று பேர் வேண்டும். மாடியில் ஏற்கெனவே ஐந்து பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மாலைக்குள் அறுநூறு கவுன் போகாவிட்டால் மொத்த வியாபாரி இனி அவள் படியேற மாட்டான். ஆனால் அவள் பார்வை எதிர் வரிசையில் நின்ற லாமெய்யை விட்டு நகரவில்லை.

இருவரும் ஹூபெய் மாகாணத்தில் ஒரே ஊர். ஒரு காலத்தில் அடுத்தடுத்த மெஷினில் தைத்தவர்கள். இன்று லாமெய்யிடம் பதினெட்டு மெஷின், சூசென்னிடம் எட்டு. காலர் வைப்பதில் கைதேர்ந்த யின்ஃபெங்கும் போன மாதம் அங்கே போய்விட்டாள். லாமெய் ஒரு காசுகூட அதிகம் கொடுக்கவில்லை. அதுதான் சூசென்னை அரித்தது.

“என்ன சூசென், இன்னும் ஆள் அமையலையா? காலு மரத்துப்போகப் போகுது,” என்றாள் லாமெய், நூடுல்ஸைக் கிளறியபடி.

“என் காலு கெடக்கட்டும். உன் மோவாயில எள்ளு ஒட்டியிருக்கு, தொடச்சுக்கோ.”

அப்போது யின்ஃபெங் காலைச் சாப்பாடு வாங்கக் கீழே வந்தாள். சூசென் அட்டையிலிருந்த ஏழு யுவானை அடித்துவிட்டு எட்டரை என்று எழுதினாள்.

“நெசமாவாக்கா?”

“எழுதினா எழுதினதுதான்.”

யின்ஃபெங் போய்த் தன் கத்தரிக்கோலையும் டீக்குவளையையும் எடுத்துக்கொண்டு சந்தைக் கடந்து வந்தாள். அவள் பின்னாலேயே, சந்தில் வேலை தேடி நடந்தவர்களில் இன்னும் இரண்டு பேர். சூசென் ஆசையாக லாமெய்யின் முகத்தைப் பார்த்தாள். லாமெய் மென்றுகொண்டிருந்தாள்.

அதற்குள் யாரோ அந்த அட்டையைப் படமெடுத்துப் போனில் அனுப்பிவிட்டார்கள். சற்று நேரத்தில் சூசென்னின் மாடியில் மெஷின் சத்தம் நின்றது. அவளுடைய ஐந்து பேரும் இறங்கி வந்து, வேலை தேடி வந்தவர்கள்போல் அவள் முன் நின்றார்கள். மூத்தவரான குவோ சாம்பிளைத் திருப்பி நகத்தால் கீறினார்.

“தையல் நல்லாத்தான் இருக்கு மொதலாளியம்மா. யாரு தைச்சது?”

“நீங்கதான் தைச்சீங்க.”

“அப்ப தைச்சவனுக்கு ஏழு, இப்ப வரவங்களுக்கு எட்டரையா?”

இரண்டு வரிசையும் சிரித்தது. ஒரு கவுனுக்கு அவளுக்கு மிஞ்சுவதே ஒன்றரை யுவான்தான். முடியாது என்றால் நாற்பதடி தள்ளி அவர்களுக்கு வேறு மெஷின் காத்திருக்கும். எல்லாருக்கும் எட்டரை என்று தலையாட்டினாள்.

போகட்டும், லாமெய்க்கும் ஓர் ஆள் குறைந்ததே என்று நிமிர்ந்தாள். லாமெய் கிண்ணத்தை வைத்துவிட்டு அதே ஏழு யுவான் அட்டையைத் தூக்கியிருந்தாள். ஊரிலிருந்து அப்போதுதான் மூட்டையோடு வந்த கணவனும் மனைவியும் அவளிடம் தையலைக் கீறிப் பார்த்து, தலையாட்டி, மேலே ஏறினார்கள்.

“ஒருத்தி போனா ரெண்டு பேர் வந்துட்டாங்க. உனக்குத்தான் புண்ணியம்,” என்றாள் லாமெய்.

போன வருஷம் சொந்த ஊர் அதிகாரிகள், தொழிலை அங்கே மாற்றினால் வாடகையில்லாமல் கட்டடம் தருவதாகக் கூப்பிட்டபோது இருவருமே போகவில்லை. அங்கே காலையில் ஜிப் தீர்ந்தால் மத்தியானத்துக்குள் வேறு கிடைக்காது, ஆளும் கிடைக்காது. இங்கே எல்லாம் கிடைக்கும். லாமெய்க்கும் கிடைக்கும் என்பதுதான் சூசென்னால் தாங்க முடியாதது.

மாடியில் யின்ஃபெங்கிடம் கேட்டேவிட்டாள். “அதே கூலிக்கு ஏண்டி அங்க போன?”

“அங்க ஒரு ஆர்டர் முடியறப்பவே அடுத்தது வந்துடுதுக்கா. இங்க நடுவுல மூணு நாள் சும்மா உக்காரணும்.” காலரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

மறுநாள் மாலை அறுநூறு கவுனும் போய்ச் சேர்ந்தன. யின்ஃபெங் கத்தரிக்கோலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு எதிர் மாடிக்கே ஏறினாள். அதற்கு அடுத்த நாள் காலை சூசென் அட்டையில் ஏழு என்று எழுதிக்கொண்டு இறங்கினாள். சந்தில் நிற்க எத்தனையோ இடம் காலியாக இருந்தது. அவள் லாமெய்க்கு நேர் எதிரே போய் நின்றாள்.