மரத்துப்போகிற நேரம்

குழாயக்காவுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் எட்டு வருஷமாக அவள்தான் நோயாளிகளின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் மனிதனுக்குக் கூரையில் ஒரு விளக்கும் பக்கத்தில் ஒரு குழாயும்தானே கண்ணில் படும்? பெயர் ஒட்டிக்கொண்டது. அறுபது வயசுக்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவளுக்கு ஒரு ஆசை. குழாய் இருக்கிற பக்கத்திலிருந்து பல்லைக் குடைகிற துரப்பணம் இருக்கிற பக்கத்துக்குப் போக வேண்டும். பல் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும். அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எழுதினாள், பதினோரு மார்க்கில் கோட்டை விட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். அதற்கப்புறம் வயது வரம்பு தாண்டிவிடும், தலைகீழாக நின்றாலும் விண்ணப்பம் வாங்க மாட்டார்கள்.

முதல் தடவை அவள் படிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அப்படிப் படித்தாள். நாலு கலர் பேனா வாங்கி, முக்கியமான வரிக்கு மஞ்சள், ரொம்ப முக்கியமானதற்குப் பச்சை, மறக்கவே கூடாததற்கு ரோஸ், பயமாக இருப்பதற்கு நீலம் என்று கோடு போட்டாள். கடைசியில் கலர் படாத வரிகள்தான் பளிச்சென்று தெரிந்தன. மாதிரி வினாத்தாள் புத்தகம் ஒன்று வாங்கி, அதில் இருந்த ஐந்து தாள்களையும் திரும்பத் திரும்பப் போட்டாள். முதலில் நூற்றுக்கு ஐம்பது மார்க் வந்தது, அப்புறம் எழுபது, அப்புறம் தொண்ணூற்றாறு.

ஏ.சி. மெக்கானிக்கான அவள் கணவன் கட்டிலில் படுத்துக்கொண்டு புத்தகத்தை மறைத்துப் பிடித்து, "மூணாவது பேப்பர், இருபத்தேழு" என்பான். கேள்வியைக்கூட வாசிக்க மாட்டான்.

"சி" என்பாள் அவள்.

"அஞ்சாவது பேப்பர், அறுபத்தொண்ணு?"

"ஏ."

இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெருமை வேறு. அட அறிவுக்கொழுந்துகளே, கேள்வியே தெரியாமல் பதில் சொல்கிறோமே, இது படிப்பா என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைத்ததா? இல்லை. மாமியார் தன் பங்குக்கு, "மருமக பல் டாக்டராகப் போறா" என்று சொந்தபந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் எப்படி என்று கணவன் கேட்டதற்கு, "சூப்பர்" என்றாள். பார்த்த கேள்வி எல்லாம் ஏற்கெனவே பார்த்த முகம் மாதிரியே இருந்தது, அதனால் சொன்னாள்.

முடிவு வந்த அன்று ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். "சரி. நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துடு. ரெண்டு வேர் சிகிச்சை இருக்கு" என்று வைத்துவிட்டார்.

அந்த 'சரி' அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. "அவங்களுக்கென்ன, நான் ஃபெயிலானா நல்லதுதான். எட்டு வருஷம் பழகின கை. கேக்கறதுக்கு முன்னாடியே கருவிய எடுத்து நீட்டற ஆளு வேற எங்க கெடைக்கும்?" என்று கணவனிடம் பொருமினாள். அவன், "அப்படியெல்லாம் இருக்காது" என்றான். இருக்கும் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

இரண்டாவது தடவைக்கும் அதே புத்தகத்தை, அதே கலர் பேனாக்களோடு எடுத்து உட்கார்ந்தவளைக் காப்பாற்றியது ஒரு பேக்கரிக்காரரின் கடைவாய்ப் பல்.

அந்த வட்டாரத்துக்கே கேக்கும் பிஸ்கட்டும் செய்து தருகிற மனிதர். அதாவது கிளினிக்குக்குப் பாதி கூட்டத்தை அனுப்புகிறவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் கன்னம் வீங்கி வந்தவரை, வீக்கம் வடிய மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார் டாக்டரம்மா. இப்போது பல்லைப் பிடுங்குவதற்காக மரப்பு ஊசி போட்டுவிட்டு, மருந்து பிடிக்கும்வரை பக்கத்து அறை நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். பேக்கரிக்காரர் நாற்காலிக் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு கிடந்தார். ஆள் மலை மாதிரி, பயம் அதைவிடப் பெரிசு.

பாவமாக இருந்தது குழாயக்காவுக்கு. பேச்சுக் கொடுப்போம் என்று ஆரம்பித்தாள். "ஒண்ணும் ஆகாதுங்க. இந்த மருந்து நரம்புக்குள்ள போய்க் கதவ சாத்திடும். வலின்னு ஒரு சேதி போகணும்னா சோடியம் உள்ள வரணும். கதவு சாத்தினா அது வர முடியாது. அப்போ மூளைக்குச் சேதி போகாது. பல்லு கத்தினாலும் கேக்காது."

பேக்கரிக்காரரின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. பாதி உதடு தொங்கிப்போயிருக்க, குழறலாகக் கேட்டார்: "அப்போ போன தடவ ஏன் மரக்கல? வீங்கி இருந்தப்போ வேற ஒரு கிளினிக்குல மூணு ஊசி போட்டாங்க. உசிரே போச்சு."

குழாயக்கா தட்டில் இருந்த பஞ்சை நேராக அடுக்கினாள். "அது வந்து... வீக்கத்துல அப்படித்தாங்க."

"அப்படித்தான்னா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். நல்லவேளை, டாக்டரம்மா உள்ளே வந்துவிட்டார், பல்லும் வெளியே வந்துவிட்டது. ஆனால் அந்த 'அப்படித்தான்னா' வீடு வரைக்கும் அவள் கூடவே வந்தது.

அன்று மாலை புத்தகத்தைப் புரட்டினாள். பதில் அங்கேயேதான் இருந்தது. அமிலம், காரம் என்ற பாடத்தில், பச்சை மேல் ரோஸ் அடித்து, பக்கமே கண்ணைக் கூசியது. நாலு தடவை படித்த பக்கம். மருந்து இரண்டு வடிவத்தில் இருக்கும், மின்னேற்றம் இல்லாத வடிவம்தான் நரம்பின் உறையைத் தாண்டி உள்ளே போகும், அமிலம் கூடக்கூட அந்த வடிவம் குறையும். வீங்கின இடத்தில் அமிலம் அதிகம். அவ்வளவுதான் விஷயம். புத்தகத்தை மூடிவிட்டு இதையே சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது. திறந்து பார்த்து மூடி மறுபடி சொன்னாள். இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றது.

தெருவில் தினமும் பார்க்கிற ஆளைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, பெயர் என்ன என்று யாராவது கேட்டால் முழிக்கிற மாதிரி இருந்தது. ஒரு வருஷம் முழுக்க இப்படித்தான் படித்திருக்கிறோம் என்று புரிந்தபோது அவளுக்கு வெட்கமும் கோபமுமாக வந்தது. கலர் பேனா நாலையும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மாமியார், "நல்லாத்தானே எழுதுது" என்று அவற்றைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிற சாக்கில் பேக்கரிக்காரருக்குப் போன் போட்டு, அமிலக் கதையை முழுசாகச் சொன்னாள். அவர் ஓஹோ, ஓஹோ என்று கேட்டுவிட்டு, "அதான் டாக்டரு வீக்கம் வடியட்டும்னு அனுப்பிச்சாங்களா?" என்றார். குழாயக்காவுக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து இந்த வழியைப் பிடித்துக்கொண்டாள். விடிந்ததும் ஒரு பாடம். புத்தகத்தை மூடிவிட வேண்டியது. கிளினிக்கில் ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருக்கிறவர் யாரோ, அவருக்கு அதைச் சொல்ல வேண்டியது. எழுந்து ஓட முடியாத, எதிர்த்துப் பேச முடியாத மாணவர்கள் உலகத்தில் வேறு யாருக்குக் கிடைப்பார்கள்? சொல்லும்போது எங்கே தடுக்கிறதோ, அங்கேதான் தனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். மாலையில் அந்த இடத்தை மட்டும் படிப்பாள். மறுநாள் வேறொரு வாயிடம் அதையே சொல்லிப் பார்ப்பாள். ஒரு தையல்காரம்மாவுக்குச் சிறுநீரகம் சொன்னாள். ஒரு டாக்சி டிரைவருக்கு மரபணு சொன்னபோது, "எங்கப்பாவுக்கு நல்ல பல்லு, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கையால் சைகை காட்டியே கேட்டுவிட்டார். இரண்டு நாள் ஆனது அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல.

எல்லோரும் அப்படி இருப்பார்களா? பேங்க் மேனேஜராக இருக்கிற ஒரு அம்மா, மரப்பு இறங்கியதும் டாக்டரம்மாவிடம் பொரிந்து தள்ளிவிட்டார். "பல்லு கட்ட வந்தேனா, ஸ்கூலுக்கு வந்தேனா? தவளையோட இதயத்துல எத்தன அறைன்னு நான் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?"

டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டு அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"கேட்டுட்டுச் சொல்லு" என்றார் டாக்டரம்மா, கையைக் கழுவிக்கொண்டே. "வேணும்னு சொன்னா சொல்லு. வேணாம்னா வாய மூடிக்கோ."

"சரிங்க டாக்டர்."

"தவளைக்கு எத்தன?"

"மூணு."

டாக்டரம்மா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நல்லா வருவே என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று குழாயக்கா மனசுக்குள் கறுவினாள்.

வீட்டிலும் முறை மாறியது. பழைய ஐந்து தாள்களின் பக்கமே அவள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புதுத் தாள், ஒரு தடவை மட்டும். கணவன் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்காருவான். அவளிடம் இன்னொரு கோளாறு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. வராத கேள்வியை விடவே மாட்டாள். அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பாள், கடைசியில் பத்து சுலபமான கேள்வி அம்போ என்று கிடக்கும்.

"விடு, நகரு" என்பான் கணவன்.

"இரு, வந்துடும்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. வரல."

பல்லைக் கடித்துக்கொண்டு நகருவாள். மூன்று, நாலு ஞாயிறு கழித்து, அவன் சொல்லாமலே நகர ஆரம்பித்தாள்.

தேர்வு நாளும் வந்தது. கேள்வி ஒன்றுகூடப் பார்த்த முகமாக இல்லை. போன தடவையாக இருந்தால் கையும் ஓடியிருக்காது, காலும் ஓடியிருக்காது. இப்போது அவள் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, நாற்காலியில் படுத்திருக்கிற யாருக்கோ சொல்வதுபோல உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்ல வந்தவற்றை எழுதினாள். வராதவற்றை விட்டு நகர்ந்தாள். கண்காணிப்பாளர் இரண்டு தடவை அவள் பக்கத்தில் வந்து, முணுமுணுக்காதீங்க என்றார்.

வெளியே கணவன் காத்திருந்தான். "எப்படி?"

"பன்னெண்டு கேள்வி சத்தியமா தெரியாது. ஒரு ஆறு சந்தேகம். மத்ததெல்லாம் தெரியும்."

அவன் முகம் தொங்கிப்போனது. 'சூப்பர்' என்று வந்தவளே பதினோரு மார்க்கில் போனாள், பன்னிரண்டு தெரியாது என்று வருகிறவள் என்ன ஆவாள் என்று அவனுக்குக் கவலை. அவளுக்கோ மனசு லேசாக இருந்தது. எது தெரியும், எது தெரியாது என்று அவளால் விரல்விட்டு எண்ண முடிந்தது. அன்று சாப்பிட்டுப் படுத்தவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

முடிவு வந்த காலையில் அவள் ஒரு சிகிச்சையின் நடுவில் இருந்தாள். கிளினிக் போன் அடித்தது. கணவன்தான். வரவேற்பில் இருந்த பெண் கதவைத் திறந்து, "அக்கா, வந்துடுச்சாம். எண்பத்தஞ்சு. எடம் கெடைச்சுடுச்சாம். உங்க மாமியார் பின்னாடி அழற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது" என்றாள்.

குழாயக்கா கதவுப் பக்கம் திரும்ப, குழாயும் கூடவே திரும்பியது. படுத்திருந்தவர் வாயைத் திறந்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டாக்டரம்மா நிமிரவில்லை. "குழாய இந்தப் பக்கம் பிடி" என்றார். பல்லை அடைத்து, மட்டம் செய்து, நோயாளி வாய் கொப்பளித்து வெளியே போகிற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.

அறையில் இருவர்தான் மிச்சம். குழாயக்கா கருவிகளைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். பொறுக்க முடியவில்லை. கேட்டுவிட்டாள்.

"டாக்டர், நான் போறது உங்களுக்கு வருத்தமா?"

"வருத்தம்தான். பின்ன?" டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "ஒண்ணாம் தேதியிலேருந்து ஒரு பொண்ணு வருது. ஒனக்கு காலேஜ் தொறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் அவளுக்குக் கத்துக் குடுத்துட்டுப் போ. எந்தக் கருவி எப்போன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடி அவ குடுக்கணும்."

குழாயக்காவுக்குப் புரியவில்லை. முடிவு வந்து அரை மணிகூட ஆகவில்லை. "அதுக்குள்ள எப்படி ஆள் கெடைச்சுது?"

"இப்போ இல்ல. அந்த பேங்க் மேடம் வந்து கத்தினாங்களே, அதுக்கு மறுநாளே பேசி வெச்சுட்டேன். அந்தப் பொண்ணு இருந்த வேலையையும் விட்டுட்டா."

அது தேர்வுக்கு ரொம்ப நாள் முன்னால். இத்தனை நாள் இவரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தோம் என்று கூசிப்போய், குழாயக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் பாஸாகாம போயிருந்தா அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?"

டாக்டரம்மா கழற்றிய கையுறையைக் கூடையில் போடப்போய், பாதியில் நின்றார். வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் ஞாபகம் வந்தவரின் முகம்.

"அத நான் யோசிக்கவே இல்லையே" என்றார்.