இல்லாததைப் பார்க்க வந்தவள்

பக்கத்துவீட்டுப் பதூலிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வதும் டாஸா நகரத்தின் அந்தச் சந்தில் ஒன்றுதான். யமீனாவுக்கு அது தெரியாததல்ல. தெரிந்தும் சொன்னாள். சந்தோஷத்தை வயிற்றுக்குள் எத்தனை நாள்தான் வைத்துக்கொண்டிருப்பது?

மகள் நுஹைலாவுக்கு ஃபெஸ் நகரத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. தங்கத்தான் இடமில்லை. பொதுக் குளியல்கூடத்தில் ஊர்ப் பெண்களின் முதுகு தேய்த்துப் பிழைக்கிற யமீனாவால் அங்கே அறை பிடித்துத் தர முடியுமா? ஏழைப் பெண்களுக்கு இலவசமாக அறையும் சாப்பாடும் தருகிற சங்கம் ஒன்று அங்கே இருந்தது. வியாழக்கிழமை அதிலிருந்து ஒரு மேடம் வீட்டைப் பார்க்க வருகிறாள். அவள் சரியென்றால் படிப்பு. இல்லையென்றால் நுஹைலாவும் அம்மாவோடு முதுகு தேய்க்கப் போகவேண்டியதுதான்.

வியாழன் காலை சந்தே திரண்டு வந்துவிட்டது. பதூல் தன் ஜரிகை மெத்தைகளைச் சுமந்து வந்தாள். அவற்றில் புருஷனைக்கூட அவள் உட்கார விட்டதில்லை. எதிர்வீட்டு ஸஃபியா கம்பளம் விரித்தாள். இன்னொருத்தி வெள்ளித் தட்டும் கண்ணாடிக் கோப்பைகளும், வேறொருத்தி பாதாம் பலகாரமும் கொண்டுவந்தார்கள்.

"யம்மா, வேண்டாம்," என்றாள் நுஹைலா. "நம்மகிட்ட இல்லாததைப் பாக்கத்தானே அவங்க வர்றாங்க?"

"டாக்டரம்மா இப்பவே அதிகாரம் பண்றா பாரு!" பதூல் மெத்தையைத் தட்டிப் போட்டாள். "ஃபெஸ்லேருந்து வர்ற விருந்தாளியை வெறுந்தரையில உக்கார வெச்சா, சந்து மானம் என்னாகும்டி?"

யமீனாதான் தடுத்திருக்க வேண்டும். வார்த்தை வாய்வரை வந்தது. அதற்குள் மெத்தை ஓரமாக ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிட்டாள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போன அவள் புருஷன் இத்ரீஸ், கல்யாணமான புதிதில் விரலால் காற்றில் வரைந்து காட்டிய வீடு அப்படியே இருந்தது. இங்கே மெத்தை, இங்கே தட்டு, அந்தப் பக்கம் கம்பளம். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போகட்டுமே என்று தோன்றிவிட்டது.

மேடம் கிஸ்லான் வந்தாள். புதினாத் தேநீர் குடித்தாள். பலகாரம் இரண்டு தின்றாள். கம்பளத்தைப் பார்த்தாள், மெத்தையை விரலால் தடவினாள். அவள் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போனது.

"அழகான வீடும்மா," என்றாள் கிஸ்லான். "மனசுல வெச்சுக்காதீங்க. எங்ககிட்ட இருக்கிறதே கொஞ்சம் அறை. ஒண்ணுமே இல்லாத பொண்ணுங்களுக்குத்தான் முதல்ல குடுக்கணும்."

நுஹைலா அம்மாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால்கூட யமீனா தாங்கியிருப்பாள்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்ற யமீனா வாசலுக்குப் போய்ச் சந்து அதிரக் கத்தினாள். "வாங்கடி எல்லாரும்! அவங்கவங்க பொருளை எடுத்துட்டுப் போங்க!"

கதவுக்குப் பின்னால் காதை வைத்திருந்த பதூல்தான் முதலில் உள்ளே வந்தாள். வேறு வழி?

"எழுந்திரிங்க மேடம், மெத்தை என்னோடது. கறை கிறை படலியே?"

"பதூல்!" யமீனா அதட்டினாள்.

"கேக்கக் கூடாதா?"

பிறகு கம்பளம் போனது. தட்டு போனது. கோப்பைக்காரி கிஸ்லானின் கையையே பார்த்துக்கொண்டு, "அவசரமில்ல, மெதுவாக் குடிங்க," என்று நின்றாள். கடைசியில் கிழிந்த பாயும் இரண்டு போர்வைகளும் நுஹைலாவின் புத்தகங்களும் மிஞ்சின.

யமீனாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. "நாங்க இவ்வளவுதான் மேடம்," என்றாள். புருஷன் போனபோதுகூட யாரிடமும் அவள் இப்படிச் சொன்னதில்லை.

கிஸ்லான் அந்தப் பாயில் உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையாவதா, தெரியவில்லை. "செப்டம்பர் கடைசியில கூட்டிட்டு வந்துடுங்க. நான் பாத்துக்கறேன்."

நுஹைலா பாய்ந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். யமீனா மகளின் தலைக்கு மேலாக வெறும் அறையைப் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் தன் பொருளை எடுத்துப் போயாயிற்று. இனி இந்தப் பெண்ணும் போய்விட்டால், மாலையில் திரும்பி வந்து யாரோடு வாயாடுவது?

"அங்க அறையில ஜன்னல் உண்டா மேடம்?"

"உண்டு. ஆனா எதிர்ல சுவர்தான் தெரியும்."

"அந்தச் சுவர் எந்தப் பக்கம்?"

கிஸ்லான் விரலால் திசையைக் கணக்குப் போட்டாள். "கிழக்குப் பக்கம்."

டாஸா, ஃபெஸ்ஸுக்குக் கிழக்கே இருக்கிறது. சுவரானால் என்ன, மகள் பார்ப்பது வீட்டுப் பக்கம்தான் என்று யமீனா தலையாட்டிக்கொண்டாள்.