மஞ்சள் நாற்காலி போட்ட இடம்

எமில் துரிச்சா வெங்காயம் வதக்க உள்ளே போயிருந்தது இருபது நிமிடம்தான். அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தால் நாற்காலியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு நீலக் கார், பிறந்ததிலிருந்தே அங்கேதான் குடியிருக்கிறது என்பதுபோல நின்றுகொண்டிருந்தது. முன்சக்கரத்தை நடைபாதைப் பக்கம் திருப்பிக்கூட விடவில்லை. மலையில் வாழ்கிறவர்கள் சமதரையில் நிறுத்தினாலும் கை தானாகச் சக்கரத்தைத் திருப்பிவிடும். ஆகவே இது மலைக்குப் புதிய கை.

மணி பன்னிரண்டு. ஒரு மணிக்கு மனைவி பெர்னிஸ் வருகிறாள்.

பதினோரு வாரம் ஆகிவிட்டது. ஆகஸ்டில் ஒருநாள் காலை, காப்பிக் கோப்பையை எடுக்கப் போனவளுக்கு இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிறகு இடது காலும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பயிற்சி இல்லத்தில் எட்டு வாரம். இன்றைக்கு வீட்டுக்கு அனுப்புவதுகூட ஒரு பரீட்சைதான். சக்கர நாற்காலி வேனிலிருந்து இறங்கி, யாரும் தூக்கிச் சுமக்காமல் வீட்டுக்குள் உருண்டு போக வேண்டும். முடியவில்லையென்றால் அதே வேனில் திரும்பி வந்துவிட வேண்டும், அப்புறம் வேறு ஏற்பாடு என்று பயிற்சி இல்லத்து அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

வேறு ஏற்பாடு என்றால் என்னவென்று டென்வரில் இருக்கும் மகன் போனில் விளக்கினான். இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, கீழே சமவெளியில் லிஃப்ட் வைத்த கட்டடம் ஒன்றில் ஓர் அறை. அந்த மலையில் வீடு கிடைக்காதா என்று ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றான். அது உண்மைதான். வாரத்துக்கு நான்கு தரகர் அட்டையாவது தபால்பெட்டியில் விழுகிறது. பெர்னிஸ் அவற்றையெல்லாம் சேர்த்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தாள்.

அந்தத் தெருவில் நடப்பது கூரைமேல் நடப்பதுபோல. வேனின் பக்கவாட்டுக் கதவிலிருந்து இறங்கும் இரும்புப் பலகை அவ்வளவு சரிவில் உட்காராது. எமில் வீட்டு வாசலில் மட்டும், பக்கத்துச் சந்து வந்து முட்டுகிற இடத்தில், ஒரு வண்டி நீளத்துக்குத் தரை மட்டமாக இருந்தது. அங்கிருந்து கதவுவரை எமிலே கான்கிரீட்டில் ஒரு சாய்தளம் போட்டிருந்தார். நாற்பத்தோரு வருஷம் அந்த வேலை பார்த்த மனிதர். அவர்கள் குடியிருந்த இந்த மவுண்ட் வாஷிங்டன் மலைச்சரிவில் உள்ள படிக்கட்டுகள் எத்தனையோ அவர் கரணை பட்டவை. எழுபத்து நான்கு வயதில் மறுபடியும் முழங்காலிட்டது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு நாள் மாடி ஏற முடியாமல் சோபாவில் படுத்தார். ஆனால் கலவை இறுகுவதற்குள் துடைப்பத்தைக் குறுக்கே இழுத்து, சக்கரம் வழுக்காதபடி சொரசொரப்பாக விட்டிருந்தார்.

காலை ஏழு மணிக்கே சமையலறை நாற்காலியை எடுத்துவந்து அந்த இடத்தில் போட்டார். மஞ்சள் நாற்காலி, இரும்புக் கால், உட்காருமிடம் கிழிந்து நாடா ஒட்டியது. பிட்ஸ்பர்க்கில் தெருவில் ஒரு நாற்காலி போட்டால் போட்டதுதான். வண்டி நிறுத்தும் அந்த இடம் அந்த வீட்டுக்காரனுடையது. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் போலீஸ்காரன் வீட்டு வாசலிலும் நாற்காலி கிடக்கும். அடுத்தவன் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு ஓடியவனைக்கூட இந்த ஊர் மறந்திருக்கிறது. நாற்காலியை நகர்த்தியவனை மறந்ததில்லை.

பக்கத்து வீட்டு கார்லா மஸுக்கோ, மாடி ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தவள்.

"குட்டை முடி வெச்ச பொண்ணு ஒருத்தி. கழுத்துல கேமரா. உன் நாற்காலியைத் தூக்கி, திருப்பிப் பாத்து, முத்தம் குடுக்காத குறையா கொஞ்சிட்டு, காரை அந்த இடத்துல விட்டுட்டு, கிராண்ட்வியூ பக்கமா எடுத்துட்டுப் போனா."

"நீ பாத்துட்டா இருந்தே?"

"கத்தினேன். கையை ஆட்டிட்டுப் போறா. நான் குட் மார்னிங் சொல்றேன்னு நெனச்சிருக்கா." கார்லா உதட்டைப் பிதுக்கினாள். "வெங்காயம் வதக்கிற நேரமா இது? பொண்டாட்டி வர்ற அன்னிக்கு இடத்தை விட்டுட்டு உள்ள போறவனை இப்பத்தான் பாக்கறேன்."

பெர்னிஸ் எட்டு வாரமாக அந்த இல்லத்துச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள். எமில், உள்ளே உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டைபோன்ற பியரோகி செய்து, நிறைய வெங்காயமும் வெண்ணெயும் போட்டு வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதைச் சொன்னால் கார்லா அதற்கும் ஏதாவது சொல்வாள். மறுபடியும் யாராவது வந்தால் கீழே இறங்கிப் போய் நில்லு என்று மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தார்.

கிராண்ட்வியூ தெருவில் அக்டோபர் சனிக்கிழமை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பனி விலகி, கீழே மூன்று ஆறும் தெரிந்தன. பாலங்கள் மஞ்சளாக வெயிலில் கிடந்தன. கம்பி இழுக்க மலையேறி வந்த சிவப்பு ரயில்பெட்டி நிலையத்தில் நின்று இன்னொரு கூட்டத்தைக் கொட்டியது. எமிலின் அப்பா காலத்தில் எஃகு ஆலைப் புகையில் இந்தத் தெருப்பக்கம் துணி காயப்போட மாட்டார்கள். இன்று அதே இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள், மேசைக்கு ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டிய உணவகங்கள். நாய்க்கென்று தனியாகத் தண்ணீர்க் கிண்ணம் வைத்த காப்பிக் கடை. எமிலுக்கு அதெல்லாம் பிடிக்காது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெர்னிஸைக் கூட்டிவந்து, உணவக ஜன்னலுக்குள் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று இருவரும் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் அதற்கென்றே காதணி போட்டுக்கொள்வாள்.

ஆற்றுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் பார்வை மேடைகளில் மூன்றாவதில் அவர் நாற்காலி இருந்தது. அதில் ஒரு மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையும் அவன் தோழர்களும் ஓரமாக நின்றிருந்தார்கள். பின்னால் நகரம் முழுவதும் அவளுக்காகவே அடுக்கி வைத்ததுபோல இருந்தது. குட்டை முடிக்காரி குனிந்து குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எமில் வழியெல்லாம் கோபத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். கல்யாணக் கோலத்தில் இருக்கும் பெண் முன்னால் அதை எங்கே இறக்கி வைப்பது? தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, மன்னிக்கணும். நீங்க உக்காந்திருக்கிறது என்னோட நாற்காலி. என் வீட்டு வாசல்ல கெடந்தது. தெருவுல."

மணப்பெண் அவரைப் பார்த்தாள். நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். நாடா ஒட்டிய இடத்தைக் கண்டதும் அடுப்புமேல் உட்கார்ந்தவள்போல எழுந்தாள். அவள் பெயர் டானிகா. இரண்டு மலை தள்ளி பீச்வியூவில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மாரென்," என்றாள் படக்காரியிடம், மெதுவாக. "இது எங்கிருந்து எடுத்தே?"

மாரென் நான்கு மாதத்துக்கு முன்னால் அரிசோனாவிலிருந்து வந்து, கண்ணாடிக் கட்டடத்தில் நாலாம் மாடியில் இருப்பவள். அவள் ஊரில், வேண்டாத சாமானை வீட்டு வாசலில் வைத்தால் வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். அப்படித்தான் நினைத்தேன், இந்த மஞ்சள் அவ்வளவு அழகாக இருந்தது, இடமும் காலியாக இருந்தது என்றாள். சொல்லச் சொல்லவே அவள் குரல் தேய்ந்தது, ஏனென்றால் மாப்பிள்ளைத் தோழர்கள் ஆறு பேரும் அவளைப் பார்த்த பார்வை, சவப்பெட்டியிலிருந்து பூ திருடியவளைப் பார்ப்பதுபோல இருந்தது.

"பார்க்கிங் நாற்காலியில உக்கார வெச்சு எனக்குப் படம் எடுத்திருக்கே," என்றாள் டானிகா. "எங்கம்மா பாத்தா இன்னைக்குக் கல்யாணமே நடக்காது."

மாரென் எமிலிடம் திரும்பி, தெரியாமல் செய்துவிட்டேன், இப்போதே காரை எடுத்துவிடுகிறேன் என்றாள். கண் கலங்கியிருந்தது. எமில் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். மனைவி, ஒரு மணி வேன், மட்டமான அந்த ஒரே இடம், வேன் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பது. வாரக்கணக்கில் யாரிடமும் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

மாரென் ஓடினாள். எமில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். தெரு ஏற்றமாகிற இடத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. தூரத்தில் நீலக் கார் பின்வாங்கி வெளியே வருவது தெரிந்தது. அதே சமயம், வெகுநேரமாக மூன்று தெருவைச் சுற்றிச் சுற்றி வந்த பெரிய வெள்ளி நிற வண்டி ஒன்று, ஒஹையோ மாநில நம்பர் பலகை போட்டது, காலியாகப் போகும் இடத்தைக் கண்டுவிட்டு விளக்கை மினுக்கியது. கார்லா துடைப்பத்தோடு கீழே இறங்கிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அவளுக்கும் எழுபது வயது. எமில் நாற்காலியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கையில் இருக்கிறது, போடத்தான் முடியவில்லை.

"இப்படிக் குடுங்க, ஐயா."

டானிகா. பாவாடையை ஒரு கையால் அள்ளிப் பிடித்து, காலணியை எங்கோ கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தாள். நாற்காலியை வாங்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி ஓடினாள். ஒஹையோ வண்டியின் மூக்கு நுழைவதற்கு ஒரு முழம் முன்னால் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

வண்டிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் வைத்தபடியே இருந்தான். மணப்பெண்ணைப் பார்த்து ஹாரன் அடிக்க எந்த ஊர்க்காரனுக்கும் மனசு வராது. ஜன்னலை இறக்கி, இங்கே ஏதாவது விசேஷமா என்று கேட்டான்.

"ஆமா," என்றாள் கார்லா, துடைப்பத்தை ஊன்றி. "அடுத்த தெருவுல சூப்பு குடுக்கறாங்க. போ."

அவன் போனான். மாப்பிள்ளைத் தோழர்கள் வந்து சேர்ந்து, கறுப்புக் கோட்டோடு நடைபாதை ஓரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை அவள் காலணியைக் கையில் வைத்திருந்தான். காரை எங்கோ விட்டுவிட்டு மாரென் மூச்சிரைக்க வந்தாள். சர்ச்சுக்கு நேரமாகிவிடாதா என்று எமில் கேட்டதற்கு, ரெண்டு மணிக்குத்தான், அதுவரை உங்கள் இடம் எங்கும் போகாது என்றாள் டானிகா. எமில் உள்ளே போய் ஒரு தட்டில் பியரோகி எடுத்துவந்தார். வெள்ளைப் பட்டில் எண்ணெய் சொட்டாமல் இருக்க, கார்லா தன் மேலாடையைக் கழற்றி மணப்பெண் மடியில் விரித்தாள். வெங்காயம் நல்லாத்தான் வதங்கியிருக்கு என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

ஒன்று ஐந்துக்கு வேன் தெருமுனை திரும்பியது. டானிகா எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். வேன் மட்டமான இடத்தில் வந்து நின்றது. பக்கவாட்டுக் கதவு திறந்தது. பெர்னிஸ் சக்கர நாற்காலியில் இருந்தாள், மெலிந்து, இடது கையை மடியில் ஒரு பொட்டலம்போல வைத்துக்கொண்டு. காதணி போட்டிருந்தாள். மணப்பெண்ணை, அவள் கையிலிருந்த மஞ்சள் நாற்காலியை, கோட்டுப் போட்ட ஆறு பையன்களை எல்லாம் நிதானமாகப் பார்த்தாள். வார்த்தைகள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வந்தன.

"யோவ் எமில். பதினோரு வாரந்தான் நான் இல்ல. அதுக்குள்ள புதுசா ஒருத்தியைப் பாத்துட்டியா?"

எமில் சிரிக்கப் போனார். சிரிப்பு வேறு எதுவாகவோ மாறி வந்ததால் தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"நான் இடம்தான் பிடிச்சேன், அம்மா," என்றாள் டானிகா. "உங்க இடம்."

பலகை இறங்கியது. ஒரு பக்கமும் சாயாமல் தரையில் உட்கார்ந்தது. ஓட்டுநர் தள்ள வந்தபோது எமில் அவரை விலகச் சொல்லிவிட்டுத் தானே பிடியைப் பிடித்தார். சாய்தளத்தின் நடுவில் பெர்னிஸ் நிறுத்தச் சொன்னாள். நல்ல கையைக் கீழே தொங்கவிட்டு, கான்கிரீட்டை விரலால் தடவினாள்.

"துடைப்பம் போட்டிருக்கே."

"வழுக்கும்ல."

"முழங்கால் போட்டா செஞ்சே? இந்த வயசுல?"

"வேற எப்படிச் செய்யறது?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சக்கரம் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனது. ஓட்டுநர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, எல்லாம் சரி என்று கட்டைவிரலைக் காட்டினார். கல்யாணக் கூட்டம் இறங்கிப் போகும் சத்தமும், மாப்பிள்ளை யாரையோ கேலி செய்வதும், கார்லா சமையல் குறிப்பு சொல்வதும் தெருவிலிருந்து கேட்டன. போவதற்குமுன் மாரென் நாற்காலியைச் சமையலறைவரை கொண்டுவந்து, எங்கே வைக்க வேண்டுமென்று கேட்காமலே மேசையின் காலியாக இருந்த பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வேன் கிளம்பியதும் எமில் பழக்கத்தில் அந்த நாற்காலியை எடுத்தார். வாசல் காலியாகிவிட்டதே, போட்டு வைப்போம் என்று கதவுவரை போய்விட்டார்.

"எங்க எடுத்துட்டுப் போறே?" என்றாள் பெர்னிஸ் உள்ளேயிருந்து.

"இடத்துக்கு."

"இன்னும் யார் வரணும்?"

எமில் வெளியே எட்டிப் பார்த்தார். தெருவில் இன்னொரு வெளியூர் வண்டி மெதுவாக வந்து, மட்டமான அந்த இடத்தைக் கண்டு, தயங்கி, பின் நிறுத்திக்கொண்டது. அவர் நாற்காலியைத் திருப்பி எடுத்துவந்து, அவள் பக்கத்தில் போட்டு, அதில் உட்கார்ந்தார். பியரோகி ஆறிப் போயிருந்தது. பரவாயில்லை, அப்படியே போடு என்றாள்.