எண்பது வாட் அண்ணன்

கடிகாரம் பழுதுபார்ப்பவர் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எண்பது வாட் மின்சாரம் செலவாகிக்கொண்டிருந்ததற்குக் காரணம், கூடத்துச் சோபாவில் படுத்திருந்த அவருடைய மைத்துனர்தான். இதைக் கண்டுபிடித்தது தெருவின் மின்சிக்கனக் குழு. சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய், எது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து சொல்லும் நாலைந்து பேர் அதில் இருந்தார்கள். தலைவி கண்ணாடிக்கடை அக்கா. மூக்குக்கண்ணாடி விற்பவர், தனியாக வாழ்பவர், ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எதிர்வீட்டிலிருந்தே சத்தம் போடுபவர். அவர் பிரிட்ஜ் முதல் செல்போன் சார்ஜர் வரை எல்லாப் ப்ளக்கையும் பிடுங்கிவிட்டார். மீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் விடாமல் சிமிட்டியது. மைத்துனர் சோம்பல் முறித்து எழுந்து கடைக்குப் போனார், சிமிட்டல் நின்றது. திரும்பி வந்து சாய்ந்தார், சிமிட்டல் தொடங்கியது. சந்தேகம் தீர இன்னும் இரண்டு தடவை அவரைக் கடைக்கு விரட்டிப் பார்த்தார்கள். விவரத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "பிரிட்ஜ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். நூற்றிருபது என்றதும் முகம் வாடிவிட்டது.

மைத்துனர் அந்த வீட்டுக்குப் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர். வந்து பதினோரு வருடமாகியும் பல் பத்திரமாக இருந்தது. அவருடைய தங்கை, அதாவது கடிகாரக்காரரின் மனைவி, மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்பவள். அவள் வீட்டுக்குள் கால் வைத்ததும் "சாப்ட்டியா?" என்று கேட்கும் ஒரே ஜீவன் அண்ணன்தான். சமைக்கப் போவதும் அவளேதான் என்பது வேறு விஷயம். பிறந்த வீட்டில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆளும் அவர்தான்.

தெருமுனையில் குழு ஒரு கரும்பலகை வைத்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே 'தேவை', 'வீண்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் கூட்டி, குறைந்த வீட்டுக்கு முதலிடம். மைத்துனரை யோசிக்காமல் வீணில் எழுதினார்கள். கண்ணாடிக்கடை அக்காவின் வீடு வழக்கம்போல முதலிடம், வீணில் பூஜ்யம். கடிகாரக்காரர் வீடு கடைசி இடம். அவருக்கு மானம் கப்பலேறிவிட்டது. "மாசக் கடைசிக்குள்ள உங்க அண்ணனை அனுப்பிடு. இல்ல, நான் கிளம்புறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். அண்ணன் முதுகில் எங்காவது சுவிட்ச் இருக்குமோ என்று தடவினாள். அவர் கூச்சத்தில் நெளிந்ததில் மீட்டர் இருநூறைத் தொட்டது. பகலில் வெளியே போய் உட்காரச் சொன்னாள். அவர் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்தார். அந்தக் கடை மீட்டர் ஓடியது. "பாவம் நல்ல மனுஷன். ஆனா வேற எங்கயாவது போய்ப் பாவமா இருக்கட்டும்" என்றார் முடிவெட்டுபவர். அண்ணனை எங்கே அனுப்புவது என்று தெரியாமல், மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அவள் அழுதாள்.

இதற்கிடையில் கண்ணாடிக்கடை அக்கா வாராவாரம் அளக்கும் கருவியோடு மறு அளவு எடுக்க வந்தார். எண்ணில் யாருக்கும் சந்தேகம் இல்லை, இருந்தாலும் வந்தார். அசையாமல் இருங்கள் என்பார், மைத்துனர் பல் மருத்துவரிடமிருந்து தப்பிய கதையைச் சொல்வார், எண் எகிறும், அக்கா சிரிப்பார். அவர் சிரித்து அதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால், கருவிதான் கெட்டுப்போய்ச் சத்தம் போடுகிறது என்று தெரு நினைத்தது.

மாதக் கடைசி நாள் காலையில் தங்கை அண்ணனின் சட்டைகளைப் பைக்குள் மடித்து வைத்தாள். கடைசி அளவு எடுக்க வேண்டும் என்று அக்கா வந்தார். எடுத்தார். எண்பது. கருவியைப் பைக்குள் போட்டவர் போகாமல் நின்றார்.

"எங்க வீட்டுக்கு வர்றீங்களா?"

மைத்துனர் யோசித்தார். "டிவி இருக்கா?"

"இல்ல. நான் இருக்கேன்."

அவர் செருப்பைத் தேடினார்.

"அக்கா, எண்பது வாட்..." என்று தங்கை இழுத்தாள்.

"தெரியும்மா. அளந்ததே நான்தானே."

இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். விளக்குகள் கொஞ்சம் மங்கின, அவ்வளவுதான். அடுத்த மாதம் கடிகாரக்காரர் வீடு கிடுகிடுவென்று மேலே வந்துவிட்டது. அவர் பலகைக்கு முன்னால் நின்று ரசித்துவிட்டு வீட்டுக்கு வந்து, காலியான சோபாவில் உட்கார மனமில்லாமல் நாற்காலியைத் தேடினார். வேலை முடிந்து வந்த தங்கை பலகையின் கடைசி வரியைப் பார்த்தாள். கண்ணாடிக்கடை அக்கா தன் கையாலேயே தன் வீட்டைக் கடைசி இடத்தில் எழுதியிருந்தார். ஆனால் வீணில் அதே பூஜ்யம். எண்பது வாட்டும் 'தேவை' கட்டத்தில் இருந்தது.

தெருவில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. மீட்டர் பார்க்க வந்தவரும் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து, அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சாப்ட்டியாண்ணே?"

உள்ளே மீட்டர் வேகமாகச் சிமிட்டியது.