சங்கு பிடித்த கை

வெங்கடநாராயணனுக்குப் பொய் சொல்ல வராது என்று கல்கத்தா பவானிபூரில் அவன் தெருவே சொல்லும். அந்தப் பெயரை அவன் 2006-இல், ஒரு புதன்கிழமை காலை, ஏ.சி. அறையில் நின்றபடி தொலைத்தான்.

அவன் கம்பெனி ராணுவத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி தயாரித்தது. கண்ணை மூடும் கவசத்தை மாட்டிக்கொண்டால் எதிரே ஒரு தெரு விரியும். வீடு வீடாகத் தேடிப் போகும் சிப்பாய், யாரைச் சுடலாம், யாரை விடலாம் என்று அதில் பழகவேண்டும். தெரு நிஜமாக இருக்கட்டும் என்று தன் தெருவையே படமெடுத்துப் போட்டிருந்தான். பௌதி, அதாவது அண்ணி, என்று அவன் கூப்பிடும் அடுத்த வீட்டு மிதாலி, அந்தியில் விளக்கேற்றி வாசலில் நின்று சங்கூதுவாள். அதையும் எடுத்தான். ஆபீஸ் வேலைக்கு என்றதும் பாவம், புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

கவசத்தை மாட்டிப் பார்க்கக் கர்னல் வந்தார். படத்துத் தெருவில் ஒரு கதவு திறந்தது. பௌதி இரண்டு கையாலும் சங்கைத் தூக்கினாள். கர்னல் சுட்டார். பத்துப் புள்ளி விழுந்தது.

கையில் எதையாவது தூக்கினால் எதிரி என்று விதி எழுதியவனும் வெங்கடநாராயணன்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. படித்த முட்டாள், வேறென்ன?

"அந்தம்மா கையில் என்ன இருந்தது?" என்றார் கர்னல், கவசத்தைக் கழற்றியபடி.

மேனேஜர் சுந்தரராஜன் அவனை ஒரு பார்வை பார்த்தார். சங்கு என்றால் விதியைத் திருத்தவேண்டும். மூன்று மாதம் ஆகும். ஒப்பந்தம் அன்றைக்கே கையெழுத்தாகவேண்டும்.

"வெடிகுண்டு சார்," என்றான்.

"பிரமாதம். நாற்பது முகாமுக்கு அனுப்பலாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான். வெட்கக்கேடு, அவன்தான் கடைசியில் நிறுத்தினான்.

மெட்ரோவில் திரும்பும்போது மனம் ஓயாமல் அரித்தது. எங்கேயோ ஓர் ஊரில், நிஜமான வாசலில், விளக்கேற்ற வருகிறவளைப் பார்த்ததும் பழகிய விரல் என்ன செய்யும்?

தெருவுக்குள் நுழைகையில் பொழுது சாய்ந்திருந்தது. பௌதி சங்கோடு வாசலில் நின்றாள். அவனைக் கண்டதும் வங்காளியில் கேட்டாள், "என் படம் பிடிச்சிருந்ததா உங்க ஆபீஸ்ல?"

"ரொம்பப் பிடிச்சிருந்தது பௌதி. நாப்பது ஊருக்கு அனுப்பப் போறாங்க."

மாடியிலிருந்து மனைவி பத்மஜா எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, வாசல்லயே நின்னுட்டேள்? உள்ள வாங்கோ."

பௌதி வீட்டுக்குள் திரும்பி, "கேட்டீங்களா, நாப்பது ஊர்ல என்னைப் பார்க்கப் போறாங்களாம்," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, சிரித்த முகமாக இரண்டு கையாலும் சங்கைத் தூக்கினாள்.