ஓக் மரத்துப் பூச்சி

"அங்கே அரைப்புள்ளி வரணும்," என்றார் எல்டன் ஷ்ராக், கண்ணைத் திறக்காமலே.

"முற்றுப்புள்ளிதான் போட்டிருக்காங்க, அப்பா."

"அப்போ தப்பு. குறிச்சுக்க."

ரோண்டா ஓரத்தில் குறித்துக்கொண்டாள். காலையிலிருந்து இதே வேலைதான். பூச்சியியல் பத்திரிகையிலிருந்து அப்பாவின் கட்டுரைக்குப் பதினொரு பக்க ப்ரூஃப் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். இன்று புதன். வெள்ளி வரை தாங்காது என்று நர்ஸ் யோலாண்டா நேற்றே அண்ணன் டேரலைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கும் அது தெரியும். அதனால்தான் இந்தப் பதினொரு பக்கமும் முடியும்வரை வலி மருந்து வேண்டாமென்று அடம்பிடித்தார். மருந்து உள்ளே போனால் புள்ளிகள் கலங்கிவிடுமாம்.

கன்சாஸ் மாநிலத்தின் ஒரு மூலையில் முப்பத்தொரு வருடம் பண்ணை பண்ணையாகத் தபால் போட்ட மனிதர். தபால் வண்டியின் இருக்கைக்கு அடியில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணியும் ஒரு தடியும் கிடக்கும். கிளைக்குக் கீழே துணியைப் பிடித்து, கிளையைத் தடியால் நாலு தட்டுத் தட்டினால் உதிர்வதெல்லாம் அவர் சொத்து. அதிலும் இலைச்சாறு குடிக்கிற, அரிசி அளவுகூட இல்லாத செடிப்பூச்சிகள் என்றால் உயிர். பெரிய படிப்புப் படித்தவர்களே பெட்டி பெட்டியாக அனுப்பி, இது என்ன பூச்சி சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்பார்கள். ஆனால் இதுவரை யாருமே கண்டிராத ஒரு இனத்தை வர்ணித்து, தானே பெயர் வைக்கும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை. எழுபத்தெட்டாவது வயதில் இதுதான் முதல். பூச்சி ஆராய்ச்சி உலகத்தில் ஒருவர் கண்டுபிடித்ததற்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வது வெட்கக்கேடு. மனைவி பெயரை வைக்கலாம். நாலு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த ஆர்லீனின் பெயரை வைத்திருந்தார்.

"அடுத்து மரம்," என்றாள் ரோண்டா. "'பதினான்கு பூச்சிகளும் ஹேகர் ஓடைக்கரையில் நிற்கும் ஓக் மரத்திலிருந்து தட்டி எடுக்கப்பட்டவை. சேகரித்தவர் ரோண்டா ஷ்ராக்.'"

அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை.

போன வருடம் ஜூன் மாதம். அப்பாவுக்கு ஓடைச் சரிவில் இறங்க மூச்சு இல்லை. மேலே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். ஓக் மரமும் வால்நட் மரமும் கிளையோடு கிளை பின்னிக்கொண்டு நின்ற இடம் அது. ஓக்கில் விழுந்ததை ஒரு குப்பியிலும் வால்நட்டில் விழுந்ததை இன்னொரு குப்பியிலும் போட்டு, இடது பாக்கெட், வலது பாக்கெட் என்று வைத்துக்கொண்டாள். மரத்தடியிலேயே பென்சிலால் சீட்டு எழுதிக் குப்பிக்குள் போட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அவளிடம் பென்சில் இல்லை. சரிவில் ஏறும்போது செல்போன் அடித்தது. குப்பியை மாற்றி, போனை எடுத்து, பேசி முடித்து வண்டிக்கு வந்தபோது எது எதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குத்துமதிப்பாக எழுதிப் போட்டாள். பூச்சிதானே என்று இருந்துவிட்டாள்.

வால்நட்டில் வாழும் பழுப்பு நிறப் பூச்சி ஒன்றை நூறு வருடமாக எல்லோருக்கும் தெரியும். ஓக் என்று எழுதிய குப்பியில் இருந்தவை அதைவிடக் கொஞ்சம் கறுப்பு. மற்றபடி மயிரளவுதான் வித்தியாசம். இந்தப் பூச்சிகள் லேசில் மரம் மாறாது. மரமே வேறு என்னும்போது பூச்சியும் வேறு என்று அப்பா வாதம் கட்டினார். பனிக்காலத்தில் ஒருநாள் போன் செய்து, "புதுசு ரோண்டா, புதுசு!" என்று கத்தினார். அம்மா போனபிறகு அவர் குரல் அப்படி ஒலித்ததே இல்லை. அவளுக்கு அப்போதே அந்த இரண்டு குப்பிகளும் ஞாபகம் வந்தன. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட மனசு வரவில்லை. ஆறு மாதமாக விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"அப்பா, அது ஓக்தானான்னு எனக்குத் தெரியாது."

வாசற்படியில் காபியோடு நின்ற டேரல், "ரோண்டா!" என்று அதட்டினான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆக்ஸிஜன் இயந்திரம் மட்டும் புஸ் புஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எல்டன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார்.

"சீட்டை எங்க வச்சு எழுதின?"

"வீட்ல வந்து."

"தபால்காரன் பொண்ணு," என்றார். "விலாசத்தைக் குத்துமதிப்பா எழுதியிருக்க."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னிக்கு என்ன தேதி?"

"ஜூன் பதினொண்ணு."

"பூச்சி வளர்ந்து வெளிய வந்திருக்கும். பத்து நாளுக்கு மேல உயிரோட இருக்காது. போ."

"எங்க போறது? உங்களை இப்படி விட்டுட்டா?"

"நான் எங்கயும் ஓடிடலை. போய்த் தட்டிப் பார்த்துட்டு வா."

டேரல் அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான். "உனக்குப் புத்தி இருக்கா? நிம்மதியா போக விட்டிருக்கலாம்ல?"

"அவர் பேர்ல பொய்யா ஒண்ணு அச்சாகணுமா?"

"அம்மா பேரு ரோண்டா அது. கல்லறைக் கல்லைத் தவிர வேற எங்க இருக்கு அந்தப் பேரு? ஒரு பூச்சியால யாருக்கு என்ன நஷ்டம்? நீ போயிட்டு வர்றதுக்குள்ள அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ரோண்டா அங்கே நின்ற யோலாண்டாவைப் பார்த்தாள். யோலாண்டா கையைத் துடைத்துக்கொண்டே, "எவ்வளவு நேரம்னு என்னைக் கேக்காதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க வர்ற வரைக்கும் மருந்து தொட மாட்டேன்னுட்டார். அவருக்கு இப்ப நல்லா வலிக்குது," என்றாள்.

ரோண்டா தடியையும் துணியையும் தூக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

சரளைக்கல் சாலையில் இருபது நிமிடம். சரிவில் கிட்டத்தட்ட உருண்டுதான் இறங்கினாள். முதலில் ஓக். துணியை விரித்துத் தட்டினாள். கம்பளிப்புழு, சிலந்தி, பட்டைத் துணுக்கு. அடுத்த கிளை, அதற்கடுத்த கிளை. ஒரு பூச்சி விழட்டும், ஒன்றே ஒன்று போதும் என்று வாய்விட்டே கேட்டாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. முப்பது கிளை ஆயிற்று. தோள் விட்டுப்போயிற்று.

பிறகு வால்நட் பக்கம் திரும்பினாள். ஒரே தட்டு. துணியெங்கும் விழுந்து ஓடின. பழுப்பும் கறுப்பும் கலந்து ஓடின. ஒரு பழுப்பும் ஒரு கறுப்பும் வாலோடு வால் சேர்ந்து, விழுந்த பிறகும் பிரியாமல் இழுத்துக்கொண்டு நடந்தன. அதைப் பார்க்க அவளுக்குப் படிப்பொன்றும் தேவையில்லை. இரண்டும் ஒரே இனம்தான்.

உறிஞ்சுகுழாயால் எல்லாவற்றையும் பிடித்து ஸ்பிரிட் குப்பியில் போட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கம் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இந்தக் குப்பியைத் தண்ணீரில் வீசிவிட்டு, ஓக்கில் கிடைத்தது என்று சொன்னால் கேட்க ஒரு நாதி கிடையாது. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மூடியை இறுக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

டேரல் வாசலிலேயே காத்திருந்தான். அழுதிருக்கிறான் என்று முகமே சொன்னது.

"இருக்கார். என்ன ஆச்சு?"

அவள் தலையசைத்த விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஓக்னு சொல்லிடு. ஒரே வார்த்தை. கெஞ்சிக் கேக்கறேன், ரோண்டா."

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

எல்டனின் முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவள் கட்டிலருகே குனிந்ததும் கண் திறந்தது.

"ஓக்ல?"

"முப்பது கிளை தட்டினேன் அப்பா. ஒண்ணுகூட இல்ல."

டேரல் வாசற்படியிலிருந்து திரும்பி நடந்து போகும் சத்தம் கேட்டது.

"வால்நட்ல?"

"நிறைய. பழுப்பும் கறுப்பும் ஒண்ணா இருக்கு. ஜோடி சேர்ந்துகூட இருக்கு."

எல்டன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "கறுப்பு வயசானதுதானா," என்றார். "வெயில்ல நாள்பட நாள்பட கறுத்திருக்கு." ஒரு மூச்சு வாங்கினார். "ஆர்லீன் பேரை அடிச்சிடு. கட்டுரையைப் போட வேண்டாம்னு பத்திரிகைக்கு எழுதிடு."

"எழுதிடறேன் அப்பா. என்னை மன்னிச்சிடுங்க."

யோலாண்டா அவர் நாக்குக்கடியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். விழுங்கிவிட்டு அவர் மறுபடி கண்ணைத் திறந்தார். அவருடைய பழைய எரிச்சல் திரும்பியிருந்தது.

"நிறையன்னா எவ்வளவு? நிறையங்கறது ஒரு கணக்கா?"

"எண்ணலை அப்பா."

"எண்ணு. எனக்குக் கேக்கணும்."

அவள் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை எடுத்துவந்து, கட்டிலையொட்டி உட்கார்ந்து குப்பியைக் கவிழ்த்தாள். ஒரு ஊசியின் முனையால் ஒவ்வொன்றாக ஓரம் தள்ளினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

போர்வைமேல் அவர் விரல் ஒவ்வொரு எண்ணுக்கும் லேசாக அசைந்தது. பன்னிரண்டில் அசைந்தது. பத்தொன்பதில் அசைந்தது. டேரல் திரும்பி வந்து சுவரில் சாய்ந்து நின்றான். இருபத்தாறு என்று அவள் சொன்னபோது விரல் அசையவில்லை. யோலாண்டா எழுந்து வந்து குனிந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஆக்ஸிஜன் இயந்திரத்தை நிறுத்தினாள்.

டேரல் தங்கையின் தோள்மேல் கை வைத்தான்.

"இருபத்தேழு," என்றாள் ரோண்டா. "இருபத்தெட்டு."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. முப்பத்தைந்துக்குப் பிறகு அந்த ஜோடி வந்தது. ஸ்பிரிட்டிலும் பிரியாமல் இருந்தது. ஊசியால் மெல்லப் பிரித்து இரண்டாக எண்ணினாள்.

"நாப்பத்தொண்ணு," என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

டேரல் தட்டுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூச்சிகளின்மேல் குனிந்தான்.

"கறுப்பு எத்தனைன்னு கேப்பார்," என்றான்.

ரோண்டா ஊசியை எடுத்து மறுபடி முதலிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.